எலிகள் மாத்திரை சாப்பிடவில்லை

கரட்டூர், ஹனூர் தாலுக்கா
02.06.2024

சரஸ்வதி அம்மாவுக்கு,

தேவம்மா எழுதுவது. சம்பந்தி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் டவர் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். பேச வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும், இந்த மாதம் அந்தப் பக்கம் யானை நிற்கிறது. ஆனால் இது பாதிக் காரணம்தான். உங்கள் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் கத்துவேன். போன மாதம் உங்கள் வாசலில் நின்று கத்தியதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்ததும், ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறியதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கத்தியதற்குத்தான் வெட்கம். கேட்ட கேள்விக்கு இல்லை.

பூங்குழலியைப் பெண் கேட்டு நீங்கள் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் உங்களிடம் நேராகவே கேட்டார்: “மாப்பிள்ளையோட அப்பா எப்படிங்க தவறிப்போனாரு?” நீங்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கட்டட வேலைல சாரத்துலேர்ந்து விழுந்துட்டாருங்க” என்றீர்கள். பாவம் என்று நான் அழுதேன். இப்போது மாப்பிள்ளையின் ஃபேக்டரியில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்து, கொழுப்பு நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்த பிறகு, டாக்டர் முன்னால் உங்கள் வாயிலிருந்து வருகிறது, உங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போனார் என்று. அவருடைய அண்ணனும் அப்படித்தானாம். பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், ஏழு வருஷம் கழித்து முதன்முதலாகக் கேட்கிறாள்.

மாப்பிள்ளைக்கு முப்பத்திமூன்று. அவர் அப்பா போனது முப்பத்தேழில். நான் அங்கன்வாடியில் பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதுகிறவள், எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் கழிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நாலு வருஷம். நம் பேத்தி சான்விக்கு அப்போது பத்து வயசு. அதற்குமேல் என்னால் கணக்குப் போட முடியவில்லை.

நடந்தது நடந்தபடி எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

சான்வியின் காதுகுத்தில், சக்கோத்தாப் பழம், நம் தமிழில் பம்பளிமாஸ், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், நீங்கள் வேலை செய்கிற லேபில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னீர்களே. கிணற்று மேட்டில் எங்களுக்கு இரண்டு மரம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கும், பாதியைக் காட்டுப்பன்றிதான் தின்னும். மைசூர் பஸ் கண்டக்டர் மல்லப்பனிடம் நாலு பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள்மேல்தான் கோபம், மாப்பிள்ளைமேல் இல்லை.

தேவம்மா


மேட்டகள்ளி, மைசூரு
09.06.2024

தேவம்மா அவர்களுக்கு,

பழம் வந்தது. ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு இருக்கிறது. சுரேந்தர் ஒன்றை அன்றைக்கே உரித்துச் சாப்பிட்டான்.

உங்கள் கடிதத்தை ஆறு நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

என் வீட்டுக்காரர் பழனி, மைசூர் ரிங் ரோட்டில் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே சிமெண்ட் கலவை தூக்கிக்கொண்டிருந்தேன். பகல் பதினோரு மணி. “சரசு, தண்ணி கொண்டா” என்று கூப்பிட்டார். அண்ணாந்து பார்த்தேன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார், இன்னொரு கை சாரக் கம்பில் இருந்தது. பிறகு கம்பிலிருந்து கை விட்டுப்போனது. நெஞ்சைப் பிடித்ததும் உண்மை, விழுந்ததும் உண்மை. நான் பின்பாதியை மட்டும் எல்லாரிடமும் சொன்னேன்.

ஏன் என்றால், அவர் அண்ணன் அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பது வயசில் அப்படியே போயிருந்தார். “அந்தக் குடும்பத்து ஆம்பளைங்க தங்க மாட்டாங்க” என்று தர்மபுரியில் எங்கள் சொந்தக்காரர்களே பேச ஆரம்பித்திருந்தார்கள். என் பையனுக்கு அப்போது பதினோரு வயசு. இந்தப் பேச்சு அவன்மேல் ஒட்டிவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? விழுந்து செத்தார் என்றால் அது விபத்து. அது பரம்பரையாக வராது. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜம் மாதிரி ஆகிவிட்டது. சுரேந்தருக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அவனும் அன்றைக்கு டாக்டர் முன்னால்தான் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் மகளுக்கு நான் செய்தது துரோகம்தான். மன்னிப்பு கேட்டால் சின்னதாக இருக்கும் என்று கேட்கவில்லை.

டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதோடு இந்தப் பழமும் நல்லது. நான் வேலை செய்கிற இடம் தெரியுமில்லையா, ஹெப்பாளில் பழங்களிலிருந்து சத்து பிரித்தெடுத்து ஆராய்கிற கம்பெனி. நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள்தான், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பேன். சக்கோத்தாவின் உள்தோல் வெள்ளையாக இருக்கிறதே, அதில் ஒரு கசப்பு உண்டு. அந்தக் கசப்பைத் தனியாகப் பிரித்துப் பொடியாக்கி எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் எலிகளின் ரத்தத்தில் கொழுப்பு இறங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் கோடு கீழே போவதை அந்த ஆராய்ச்சியைச் செய்கிற உமாதேவி மேடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பழத்தை அனுப்புங்கள். வெள்ளைத் தோலை எடுக்காமல் அரைத்துக் கொடுக்கிறேன்.

சரசு


கரட்டூர்
17.06.2024

சரஸ்வதி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். “புருசன் விழறதைக் கீழ நின்னு பாத்திருக்கறா அந்தம்மா. நீ போயி கத்திட்டு வந்தயே” என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் நீங்கள் கீழே நின்றது கண்ணிலேயே நிற்கிறது.

எட்டுப் பழம் அனுப்பியிருக்கிறேன். பழுத்தது நாலு, இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டியது நாலு.

நேற்று யானை விலகியது என்று கேட்டு, பாறைமேல் ஏறிப் பூங்குழலிக்குப் போட்டேன். மாப்பிள்ளைக்குத் தொடையும் தோளும் வலிக்கிறதாம். ஏன் வலி? நெஞ்சில் வலி என்று ஏதாவது சொன்னாரா? நான் பயப்படுவேன் என்று என் மகள் மறைப்பாள். நீங்கள் மறைக்காதீர்கள். இனிமேல் உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

பாறையிலிருந்து இறங்கும்போது வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன். யானைக்குப் பயந்து இல்லை.

தேவம்மா


மேட்டகள்ளி
30.06.2024

தேவம்மா அவர்களுக்கு,

முதலில் நல்ல செய்தி. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது இருநூற்று முப்பத்தெட்டு ஆகிவிட்டது! டாக்டர் போன தடவையே மாத்திரையைப் பெரிதாக்கியிருந்தார், அது ஒரு காரணம். உங்கள் பழமும் ஒரு காரணம் என்று நான் சொல்கிறேன். டாக்டரிடம் பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த டாக்டர்களுக்கு வீட்டு வைத்தியம் என்றாலே சிரிப்பு. பேப்பரைப் பார்த்ததும் பூங்குழலி என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

நெஞ்சு வலி இல்லை. மறைக்கவில்லை. தொடை வலி இருக்கிறது. எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நிற்கிறான், அதனால் என்று நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். நேற்று சான்வி தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். குனிந்தவன் தூக்காமல் அவளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “அப்பாவுக்கு பேட்டரி போச்சுடா” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், மறைக்காதே என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். அவனுக்குச் சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று பூங்குழலி சொன்னாள். கேட்டால், “ஃபேக்டரியில சூடும்மா, தண்ணி கம்மியா குடிச்சிட்டேன்” என்கிறான். சூட்டுக்கு நல்லது என்று காலையில் ஒரு டம்ளர் சக்கோத்தாச் சாறு, ராத்திரி மாத்திரையோடு ஒரு டம்ளர் என்று கூட்டிக் கொடுக்கிறேன்.

எண்ணைப் பார்த்தால் தைரியமாக இருக்கிறது. அவனைப் பார்த்தால் என்னவோ பயமாக இருக்கிறது.

சரசு


கரட்டூர்
04.07.2024

அன்புள்ள சம்பந்திக்கு,

இருநூற்று முப்பத்தெட்டு! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அங்கன்வாடிக்குப் போனேன், பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும்போதும் கையில்தான் இருந்தது. மரத்தில் இருந்ததில் நல்லதாகப் பார்த்துப் பத்துப் பழம் என் வீட்டுக்காரரே ஏறிப் பறித்தார். மல்லப்பன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவான்.

ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மேலத் தோட்டத்து அய்யாவு அண்ணனுக்குப் போன வருஷம் நெஞ்சில் குழாய் வைத்தார்களே, அவரும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் மூன்று பழம் கொடுத்து, வெள்ளையோடு சாப்பிடச் சொன்னேன். இன்னும் ஆறு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் சம்பந்தி, அந்தச் சிறுநீர் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கன்வாடிப் பிள்ளை ஒன்றுக்கு அப்படிப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஃபேக்டரிச் சூடு என்று விடாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூட்டிப்போங்கள். பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். நான்தான் பயந்துபோயிருக்கிறேன்.

தேவம்மா


மைசூரு, ஆஸ்பத்திரி
08.07.2024

சம்பந்திக்கு,

இதை மல்லப்பன் உங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று கெஞ்சி அனுப்புகிறேன். உங்கள் போனுக்கு நானும் பூங்குழலியும் இருபது தடவை அடித்துவிட்டோம்.

முதலில் இதைப் படியுங்கள். சக்கோத்தாப் பழத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுகிற யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்த வீட்டுக்கெல்லாம் இப்போதே போய் நிறுத்தச் சொல்லுங்கள். அய்யாவு அண்ணன் வீட்டுக்கு முதலில் போங்கள். போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சனிக்கிழமை காலையில் உங்கள் பழமும் கடிதமும் வந்தன. பழத்தை எடுத்து வைத்தேன், கடிதத்தை வேலைக்குப் போய்வந்து படிக்கலாம் என்று அலமாரியில் வைத்தேன். சுரேந்தரைக் கம்பெனி பஸ் ஏற்றிவிடப் பின்னாலேயே போனேன். பஸ் நின்றது. படியில் கால் வைக்கப் போனான். கால் ஏறவில்லை. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி வைத்துப் பார்த்தான், அப்படியும் ஏறவில்லை. உள்ளே இருந்த பையன்கள், “ஏனு சுரேந்த்ரா, ஜாஸ்தி ஆயிதா?” என்று, குடித்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அம்மா, கால் என்னுது இல்ல மாதிரி இருக்கும்மா” என்றான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பஸ்ஸிலேயேதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம்.

தசை எல்லாம் உள்ளுக்குள் உடைந்து, அந்த அழுக்கு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டதாம். இரண்டும் வேலை செய்யவில்லை. மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கொழுப்பு மாத்திரையால் ஆயிரத்தில் ஒருத்தருக்கோ பத்தாயிரத்தில் ஒருத்தருக்கோ இப்படி ஆகலாம், ஆனால் இவ்வளவு வேகமாக ஏன் என்று டாக்டருக்குப் புரியவில்லை. “வேற ஏதாவது மருந்து, கஷாயம், பொடி கொடுத்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் சம்பந்தி. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை என்றுதான் வாய் திறந்தது. பழகிப்போன வாய். பூங்குழலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னேன். சக்கோத்தா, தினம் இரண்டு டம்ளர், மாத்திரையோடு.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உமாதேவி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் உடனே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அந்தப் பழத்தில் இருக்கிற இன்னொரு சத்து, குடலில் மாத்திரையை உடைக்கிற வேலையைத் தடுத்துவிடுமாம். தினம் ஒரு மாத்திரை விழுங்கினாலும் உடம்புக்குள் அது பல மாத்திரையாக நின்றிருக்கும். “கொழுப்பைக் குறைக்குதுன்னு நீங்கதானே காட்டினீங்க மேடம்?” என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரசு, அந்த எலிகள் மாத்திரை சாப்பிடலியே” என்றார்.

அதோடு விடவில்லை. “மனுஷங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார். ஆமாம், சொன்னார். கம்ப்யூட்டரில் கோட்டைக் காட்டிய அன்றைக்கே சொன்னார். காதுகுத்தில் உங்களிடம் அதை நான் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் விஷயத்தில் செய்ததையே இதிலும் செய்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை நேற்று இங்கே உட்கார்ந்து படித்தேன். சிறுநீர் பற்றி எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை காலையிலேயே படித்திருந்தாலும் அரை மணி நேரம்தான் முன்னால் தெரிந்திருக்கும் என்று பூங்குழலி சொல்கிறாள். சமாதானத்துக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

சரசு


கரட்டூர்
11.07.2024

சம்பந்திக்கு,

மல்லப்பன் பஸ்ஸை ரோட்டில் நிறுத்திவிட்டு ஒரு மைல் ஓடி வந்து கொடுத்தான். நீங்கள் சொன்னபடி மேல்பாதியைப் படித்துவிட்டு அங்கன்வாடியைப் பூட்டாமல் ஓடினேன்.

அய்யாவு அண்ணன் ராகிக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். “அண்ணா, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?” என்று மூச்சு வாங்கக் கேட்டேன். “ஏம்மா, நெசமாத்தான் கேக்கறியா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும், “கலரெல்லாம் ஒண்ணுமில்லீங். ரெண்டு நாளா தொடை கடுக்குது. களை எடுத்த கடுப்புன்னு இருந்துட்டேன்” என்றார். அதே பஸ்ஸில் அவரையும் அவர் சம்சாரம் பசம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் பசம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நாற்பது கிலோமீட்டருக்கு அவளுக்கு வார்த்தை பஞ்சமே வரவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டேன்.

ரத்தம் பார்த்தார்கள். தசை உடைந்த அழுக்கு கொஞ்சம் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பழத்தை நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். மூன்று பழத்தில் ஒன்றுதான் தின்றிருந்தார். மீதி ஆறு வீட்டுக்கும் சாயங்காலத்துக்குள் போய்விட்டேன். கடைசி வீட்டில், “நீங்கதானே மருந்துன்னு கொடுத்தீங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்றேன்.

கொள்ளேகாலிலிருந்து பூங்குழலிக்குப் போன் போட்டேன். இப்படியே மைசூர் வந்துவிடுகிறேன் கண்ணு என்றேன். “நீ வராதம்மா” என்றாள். “வந்தா, நீ ஏன் பழத்தை அனுப்பினேன்னு கேட்டுருவேன். கேக்க எனக்கு இஷ்டமில்ல. இங்க ஒருத்தங்ககிட்ட கேட்டதே போதும்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மைசூர் பஸ் இரண்டு என் முன்னாலேயே போயின. மூன்றாவதாக ஹனூர் பஸ் வந்தது, ஏறினேன்.

உங்கள்மேல் கோபம் வந்தது. லேபில் இருக்கிறவள், தெரிந்து சொல்கிறாள் என்றுதானே நம்பினேன்? அப்புறம் நினைத்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கிறீர்களா என்று ஒரு வரி நான் கேட்டேனா? பழத்துக்கு என்ன கெடுதல் இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். நான் அனுப்பியது என் பயத்தை, சம்பந்தி. ஏதாவது செய்துகொண்டே இருந்தால் பயம் அடங்குகிறது. அதற்கு மாப்பிள்ளை உடம்பு கிடைத்தது.

தினமும் ஒரு வரி எழுதி மல்லப்பனிடம் கொடுங்கள். உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

தேவம்மா


மைசூரு
23.07.2024

சம்பந்திக்கு,

ஒரு வரிச் சீட்டுகள் எல்லாம் கிடைத்திருக்கும். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத முடிகிறது.

ஆறு தடவை மிஷின் வைத்தார்கள். போன வியாழக்கிழமை நர்ஸ் வந்து பையைத் தூக்கிக் காட்டினாள். அரை லிட்டர் சிறுநீர், வைக்கோல் நிறம். நான் கும்பிட்டேன். சிறுநீரைக் கும்பிட்டவள் மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இனிமேல் மிஷின் வேண்டாம், சிறுநீரகம் திரும்பி வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்கிறான். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கொழுப்புக்கு வேறு வகை மருந்து, கொஞ்ச நாள் கழித்து, பார்த்துப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்களாம்.

அவன் பிழைத்துவிட்டான். ஆனால் என் பயம் இறங்கவில்லை, இடம் மாறிவிட்டது.

இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வியாதி, பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, சான்விக்கு இப்போதே ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சான்விக்கு ஆறு வயசு. ஸ்கிப்பிங் ஆடுகிறாள். அவள் குதிக்கிறபோதெல்லாம் என் கண் அவள் நெஞ்சுக்குப் போகிறது.

பூங்குழலி மாட்டேன் என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “பொம்பளப் புள்ள அத்தை. இந்த வயசுல பேப்பர்ல எழுதி வெச்சுட்டா நாளைக்கு யாரு வந்து கேப்பாங்க? தெரியாம இருந்தா அவ பாட்டுக்கு இருப்பா.”

அவள் வாயில் வந்தது என் வார்த்தை. அப்படியே நான் சொன்னது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? அவள் சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. சரி, பார்க்க வேண்டாம், விட்டுவிடலாம் என்று.

நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் அவளுக்கு அம்மா. வராதே என்றாள்தான். ஆனாலும் வாருங்கள்.

சரசு


கரட்டூர்
27.07.2024

சம்பந்திக்கு,

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பூங்குழலியிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் தடுப்பாள்.

எங்கள் அங்கன்வாடிக்கும் இப்படி அம்மாக்கள் வருவார்கள். பிள்ளை இளைத்துத்தான் இருக்கும், தராசில் வைக்க விடமாட்டார்கள். கண் படும் என்பார்கள், அழும் என்பார்கள். நோட்டில் சிவப்புக் கட்டத்தில் எழுதிவிடுவேன் என்று பயம். தராசில் வைக்காவிட்டால் எடை கூடிவிடுமா என்று கேட்பேன். பிள்ளையை மடியிலிருந்து மெதுவாக இறக்குவார்கள். முப்பது வருஷமாக மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் மகளிடம் சொல்லும்போது வாய் குளறும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

ஊசி போடும்போது குழந்தையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

தேவம்மா


மேட்டகள்ளி
17.08.2024

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் சுதந்திர தினத்துக்கு அங்கன்வாடியில் கொடி ஏற்ற வேண்டும் என்று புதன்கிழமை கிளம்பிப்போனீர்கள். ரிப்போர்ட் இன்று பகலில் வந்தது. சான்விக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு. அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். உங்களை ஒரு பக்கம் படிக்கவைத்துவிட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

டாக்டர் நிறைய நேரம் பேசினார். இந்த வயசில் தெரிந்தது நல்லதுதான் என்றார். இப்போதைக்குச் சாப்பாட்டில் கவனம், ஓடி ஆடட்டும். இரண்டு வருஷம் கழித்து, அவளுக்குச் சரிப்படுகிற மருந்தைச் சின்ன அளவில், மாதா மாதம் ரத்தம் பார்த்துக்கொண்டே ஆரம்பிக்கலாம். இப்படிப் பிடித்துவிட்ட பிள்ளைகள் மற்றவர்கள் மாதிரியே வாழ்கிறார்கள் என்றார். அவள் தாத்தாவுக்கு யாரும் பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம் என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பூங்குழலி பேப்பரை மடித்துப் பீரோவுக்குள் வைக்கப் போனாள். வைக்காமல் நின்றாள். நீங்கள் இங்கே இருந்த பதினான்கு நாளில் அவளிடம் என்னவெல்லாம் பேசினீர்களோ எனக்குத் தெரியாது. பாதி எனக்குக் கேட்காமல்தான் பேசினீர்கள். அவள் திரும்பி வந்து, “அத்தை, மாமாவோட அண்ணன் மகன் மனோஜ்குமாருக்கு என்ன வயசு?” என்று கேட்டாள்.

முப்பத்தொன்று. சாமராஜநகரில் லாரி ஓட்டுகிறான். அடுத்த மாதம் கல்யாணம். அவன் அப்பாவும் நாற்பதில் போனவர் என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும், ஆனால் அது ரத்தத்தில் வருகிறது என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் மாதத்திலிருந்து எனக்குத் தெரியும். நாலு மாதம் நான் வாயே திறக்கவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான்.

பூங்குழலி நம்பரைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க” என்றாள். சுரேந்தர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் அப்பாவைப் பற்றி, என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்ததைப் பற்றி, சுரேந்தரைப் பற்றி, சான்வியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். போய் ரத்தம் பார், மருந்து கொடுத்தால் வீட்டில் சாப்பிடுகிற பழம், பொடி, கஷாயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல், ஒன்றையும் விடாதே என்றேன். நடுவில் அவன் அம்மா லீலா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கறப்ப சொல்றியே, நீயெல்லாம் பொம்பளையா?” என்றாள். ஆறு மாதம் முன்னால் என்றால் சும்மா சொன்னேன் என்று பின்வாங்கியிருப்பேன். இன்றைக்கு, “அக்கா, இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்” என்றேன். வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மனோஜ் தனியாகப் போட்டான். திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போகிறானாம். பெண் வீட்டுக்கும் அவனே சொல்லிவிட்டானாம். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. என்னால் ஒரு கல்யாணம் நிற்கலாம். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சான்வி ஸ்கூல் விட்டு வந்தாள். பேப்பர் மேஜைமேல் இருந்தது. “அஜ்ஜி, நங்கே எஷ்டு பந்த்து?” என்று கேட்டாள். பாட்டி, எனக்கு எத்தனை வந்தது என்று, பரீட்சை மார்க் மாதிரி. நீங்கள் ஊசி போடும்போது அவளைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்கு நம்பர் போடுவாங்க என்று சொல்லியிருந்தீர்களாமே.

பூங்குழலி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யாராவது ஒருத்தர் நன்றாக வாங்கியிருக்கிறாய் கண்ணு என்று சொல்லியிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

“இருநூத்தித் தொண்ணூத்தி ஆறு” என்றாள் பூங்குழலி.

“ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான். கம்மி பண்ணணும். அதுக்கு அம்மா இருக்கேன், அப்பா இருக்காரு, அஜ்ஜி இருக்காங்க, ஊர்ல அம்மாயி இருக்காங்க.”

சான்வி, “அப்பாவுக்கு எவ்ளோ?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். பூங்குழலி அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி வந்து ஏழு வருஷத்தில் என் தோளில் சாய்வது இதுதான் முதல் தடவை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அசையாமல் நின்றேன்.

வாசலில் கயிறு தரையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள் சம்பந்தி
சரசு